பெயர் மாறிய பூங்கா

நியூயோர்க் மாநகரின் ஐந்து கூறுகளுள் ஒன்றாகிய புறூக்ளினிலே பெட்போட்–ஸ்டைவசன்ற் என்றொரு பகுதி உண்டு. பழுப்புக்கல் முகப்புடைய மாடிவீடுகள் நிரைநிரையாக நிற்கும் அப்பகுதியில், எட்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த பூங்கா ஒன்றை நான்கு வீதிகள் சூழ்ந்திருக்கின்றன. வடக்கே லபாயெற் வீதி. தெற்கே கிறீன் வீதி. இப்பெயர்களுக்கு உரிய இருவரும் அமெரிக்கச் சுதந்திரப் போரிலே புகழ் படைத்த தளபதிகள். மேற்கே மார்சி வீதி. கிழக்கே டொம்கின்ஸ் வீதி. இவ்விருவரும் நியூயோர்க் மாநிலத்தின் ஆளுநர்களாய் இருந்தவர்கள். இவ்வாறு தளபதிகளும் ஆளுநர்களும் நாற்புறமும் காவல் நிற்க, நடுவிலுள்ள நிலம் மட்டும் ஒரு சாரணத் தலைவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஹேர்பேட் வொன் கிங் பூங்கா என்பது அதன் பெயர்.

நூறாண்டுக்கு மேலாக அதற்கு வேறு பெயர் இருந்தது. கிழக்கு எல்லையிலுள்ள வீதிக்குப் பெயரளித்த ஆளுநரே பூங்காவுக்கும் பெயரளித்திருந்தார். 1985ஆம் ஆண்டிலே அப்பெயர் நீக்கப்பட்டு, அப்பகுதியில் வாழ்ந்த ஒரு தொண்டரின் பெயர் சூட்டப்பட்டது. பதவியில் இருந்தவரின் பெயரை அகற்றிப் பதவியில்லாதவரின் பெயரை வைப்பது எங்கும் எளிதில் நிகழ்வதன்று. அங்கே அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

முதலில் ஆளுநரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். டானியல் டொம்கின்ஸ் 1807ஆம் ஆண்டு முதல் 1817ஆம் ஆண்டு வரை நியூயோர்க் மாநிலத்தை ஆண்டவர். அதன்பின் 1825 வரை ஐக்கிய அமெரிக்காவின் உப சனாதிபதியாக விளங்கியவர். 1812ஆம் ஆண்டில் பிரித்தானியருடன் மூண்ட போரின்போது, மாநிலப் படைகளுக்கு வேண்டிய பணத்தைத் தமது சொந்தப் பொறுப்பிற் கடன் வாங்கிக் கொடுத்து, பின்னர் அக்கணக்கைத் தீர்க்க இயலாது வாழ்நாளின் இறுதிவரை அல்லலுற்றார். இவை யாவற்றினும் மேலாக நினைக்கப்பட வேண்டியது ஒன்றுண்டு. நியூயோர்க் மாநிலத்தில் அடிமைத்தனத்துக்கு ஒரு முடிவு நாளைக் குறித்தல் வேண்டுமென 1817ஆம் ஆண்டிலே சட்டசபையை வேண்டியவர் அவரே. அவ்வாறே சட்டம் இயற்றப்பட்டு, 1827ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள் அம்மாநிலத்தில் அடிமைத்தனம் ஒழிந்தது.

அச்சட்டம் புறூக்ளினுக்கு எத்துணை முக்கியமானது என்பதைப் பலர் அறியார். அடிமைத்தனம் தென் மாநிலங்களுக்கே உரியதென எண்ணுவது பொது வழக்கு. ஆயினும், 1790ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கின்படி, புறூக்ளின் அடங்கிய கிங்ஸ் மாவட்டத்தில் வாழ்ந்தோருள் மூன்றிலொரு பங்கினருக்குச் சற்றுக் குறைந்தோர் அடிமைகளாய் இருந்தனர். டச்சுக்காரர் வழிவந்த பண்ணையாளர்களின் வயல்களில் அவர்களே உழைத்தனர். விடுதலை பெற்ற பின்னர், 1838ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வீக்ஸ் என்னும் கறுப்பினத்தவர் வாங்கிய நிலத்திலிருந்து வீக்ஸ்வில் என்னும் ஊர் வளர்ந்தது. அதுவும் பெட்போட்டுக்கு அயலிலேயே அமைந்தது. ஆகலின், பிற்காலத்தில் கறுப்பின மக்கள் தம் பூங்காவிலிருந்து ஒரு பெயரை நீக்கினார்களெனின், நீக்கப்பட்டவர் அவர்தம் முன்னோரின் பகைவர் அல்லர். பகைமையினாற் பெயர் மாறியதெனக் கூறுவோர் வரலாற்றை நோக்காது கூறுகின்றனர்.

பூங்காவை வகுத்தோர் பெரும் புகழாளர். நியூயோர்க்கின் மத்திய பூங்காவையும் புறூக்ளினின் புறொஸ்பெக்ற் பூங்காவையும் படைத்த பிரெடெரிக் லோ ஒல்ம்ஸ்ரட், கல்வேட் வோ என்னும் இருவரும் 1871ஆம் ஆண்டில் இதற்கான திட்டத்தை வரைந்தனர். புறூக்ளின் அக்காலத்தில் நியூயோர்க்குடன் இணையாத தனி நகரம். இணைப்பு நிகழ்ந்தது 1898ஆம் ஆண்டில். மத்திய பூங்கா எண்ணூறு ஏக்கருக்கு மேற்பட்டது. புறொஸ்பெக்ற் பூங்கா ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்டது. அவற்றுட் புகுந்தவன் நகரத்தை மறந்துவிடலாம். அதுவே அவற்றை வகுத்தோரின் நோக்கமுமாகும். எட்டு ஏக்கர் நிலத்தில் நகரத்தை மறைக்க இயலுமா? எத்திசையில் நோக்கினும் வீடுகளின் சாளரங்கள் தெரியும். தாய் வீட்டு வாயிலில் நின்று அழைத்தால், விளையாடும் பிள்ளைக்குக் கேட்கும். சிறிய பூங்காவின் குறையும் நிறையும் இதுவே. அது சூழவுள்ள வீடுகளின் முற்றம் போன்றது. ஆதலின் அவ்வீடுகளில் வாழ்வோர் மாறினால் பூங்காவின் வரலாறும் மாறிவிடும்.

வாழ்வோர் மாறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பழுப்புக்கல் வீடுகளிற் குடியேறியோர் வசதி படைத்த வெள்ளையர். அடுத்து யூதரும் இத்தாலியரும் வந்தனர். தென் மாநிலங்களின் கொடுமை தாங்காது வடக்கு நோக்கிப் பெயர்ந்த கறுப்பின மக்கள் முதலில் மன்ஹற்றனிலுள்ள ஹார்லெமில் நெருங்கி வாழ்ந்தனர். 1936ஆம் ஆண்டில் ஃபுல்ற்றன் வீதியின் கீழாக நிலக்கீழ் இரயிற்பாதை திறக்கப்பட்டதும், ஹார்லெமிலிருந்து பெட்போட்–ஸ்டைவசன்றுக்கு வருதல் எளிதாயிற்று. கரிபியன் தீவுகளிலிருந்தும் பலர் வந்து சேர்ந்தனர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அப்பகுதி கறுப்பின மக்களின் பெருநகரங்களுள் ஒன்றென மதிக்கத்தக்கதாயிற்று.

வந்தவர்களைத் தொடர்ந்து வறுமையும் வந்ததெனச் சிலர் எழுதுவதுண்டு. அது காரணத்தையும் காரியத்தையும் மாற்றி உரைப்பதாகும். 1930களில் அமெரிக்க அரசாங்கத்தின் வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்குப் படங்கள் வரைந்து, கடன் கொடுத்தற்கு ஆபத்தான பகுதிகள் எனத் தான் கருதியவற்றைச் சிவப்பு நிறத்தாற் குறித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்தமையே அவ்வாறு குறித்தற்குப் போதிய காரணமாய் இருந்தது. பெட்போட்–ஸ்டைவசன்றும் சிவப்பு நிறம் பெற்றது. சிவப்புப் பகுதியில் வீடு வாங்கவோ வாங்கிய வீட்டைத் திருத்தவோ வங்கிகள் எளிதிற் கடன் கொடுக்கமாட்டா. கடனின்றி வீடுகள் பழுதுற்றன. பழுதுற்ற வீடுகளைக் காட்டி, பகுதி கெட்டதென்ற தீர்ப்பு மேலும் உறுதி செய்யப்பட்டது. குப்பை அகற்றல், மரம் நடுதல், பூங்கா பேணல் முதலிய நகரப் பணிகளும் குன்றின. 1964ஆம் ஆண்டு யூலை மாதத்தில், பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் பொலிசு அதிகாரி ஒருவராற் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து ஹார்லெமில் மூண்ட கலவரம் பெட்போட்–ஸ்டைவசன்றுக்கும் பரவியது. அதன் பின்னரே ஆள்வோரின் பார்வை அங்கே திரும்பியது. 1966ஆம் ஆண்டில் செனற்றர் றொபேட் கென்னடி அவ்வீதிகளில் நடந்து சென்று பார்வையிட்டார். அதன் பயனாக மறுமலர்ச்சிக் கழகம் ஒன்று 1967ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1968ஆம் ஆண்டில், அப்பகுதியை உள்ளடக்கிய தொகுதியிலிருந்து சேர்லி சிசொம் அம்மையார் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவு செய்யப்பட்ட முதலாவது கறுப்பினப் பெண்மணியானார்.

இவை வரலாற்று நூல்களில் இடம்பெறும் செய்திகள். வொன் கிங் அவற்றில் இடம்பெறுவதில்லை. அவர் செய்தவை வேறு வகையின. சாரண இயக்கத்திலே தலைவராக நின்று அப்பகுதிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார். பாடசாலைகளையும் அயலையும் சார்ந்த பல சபைகளில் ஆண்டுக்கணக்காக அமர்ந்து பணிபுரிந்தார். நகர சபைத் தேர்தலில் வென்றவரல்லர். எனினும், ‘பெட்போட்–ஸ்டைவசன்றின் நகர முதல்வர்’ என்று மக்கள் அவரை அன்புடன் அழைத்து வந்தனர்.

சபைகளில் அமர்தல் என்பது கேட்பவர்க்குச் சிறு செயலாகத் தோன்றலாம். நியூயோர்க் மாநகரில் ஐம்பத்தொன்பது பகுதிச் சபைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் வரை உறுப்பினர்; எவருக்கும் சம்பளம் இல்லை. எந்த வீதியில் விளக்கு எரியவில்லை, எந்த வெற்றுநிலத்தில் குப்பை குவிகின்றது, பூங்காவின் வேலி எங்கே உடைந்தது என்பன போன்ற செய்திகளையே அவை மாதந்தோறும் ஆராய்கின்றன. அவற்றின் தீர்மானங்கள் ஆலோசனைகளேயன்றிக் கட்டளைகள் அல்ல. கட்டளையிடும் அதிகாரமற்ற சபையொன்றில் ஒருவர் செல்வாக்குப் பெற வேண்டுமாயின், அவர் எல்லாக் கூட்டங்களுக்கும் வர வேண்டும். சென்ற ஆண்டு என்ன வாக்களிக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதிகாரிகள் மாறினும் தாம் மாறாதிருக்க வேண்டும். நம் ஊர்களிலே சனசமூக நிலையங்களையும் கிராம முன்னேற்றச் சங்கங்களையும் நடத்தியோரை அறிந்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். இத்தகையோரின் உழைப்பு கூட்டக் குறிப்பேடுகளிற் புதைந்து போகும். நூலாக எழுதப்படுவது அரிது.

லபாயெற் வீதியைக் கடந்து வடபுறம் சென்றால், பூங்காவுக்கு எதிரே 679ஆம் இலக்க வீட்டின் முன் ஒரு மரம் நிற்கின்றது. வொன் கிங்கின் காலத்தில் அதே அயலில் வாழ்ந்த மற்றொரு தொண்டரை அறியாமல் பூங்காவின் பெயர் மாற்றம் விளங்காது. ஆதலின், அம்மரத்தின் கதையைச் சற்று விரித்துரைத்தல் தகும்.

அது பெரும்பூ மக்னோலியா என்னும் இனம். தடித்து மினுமினுக்கும் இலைகள் பனிக்காலத்திலும் உதிரமாட்டா. வெண்ணிறப் பெரும் பூக்கள் கோடையின் தொடக்கத்திலே மலர்ந்து எலுமிச்சை மணம் வீசும். நம் நாட்டுச் செண்பகத்தையும் தாவரவியலார் இன்று மக்னோலியாக் குலத்திலேயே சேர்த்துள்ளனர். ஆகவே அது செண்பகத்தின் தூரத்து உறவு எனலாம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியே அதன் தாயகம். 1885ஆம் ஆண்டளவில், அவ்வீட்டுக்காரராகிய வில்லியம் லெம்கன் என்பவர் வட கரோலினாவிலிருந்து ஒரு கன்றைக் கொணர்ந்து நட்டார். புறூக்ளினின் குளிரில் அவ்வினம் வாழ்தல் அரிது. இம்மரம் பிழைத்தமைக்குக் காரணம் அது நின்ற இடமே. தெற்கு நோக்கிய வாயிலின் முன் அது நின்றது. பின்னாலிருந்த மாடிவீடுகள் வடக்கிலிருந்து வீசும் கடுங்காற்றைத் தடுத்தன. எதிரே பூங்கா வெளியாய்க் கிடந்தமையால் வெயிலுக்கும் தடையில்லை. இவ்வாறு நாற்பது அடியளவு உயர்ந்தது.

அவ்வயலில் வேர்னன் வீதியிலே ஹற்றி கார்தன் அம்மையார் வாழ்ந்தார். வேர்ஜீனியாவில் இருபதாம் நூற்றாண்டின் விடியலிலே பிறந்து, 1920களிற் புறூக்ளினுக்கு வந்தவர். அவர் வந்த நாளில் மரங்கள் அடர்ந்திருந்த வீதியில், 1964ஆம் ஆண்டளவில் எஞ்சியவை மூன்றே. கலவரம் நிகழ்ந்த அதே ஆண்டு அது. அறுபது வயதைக் கடந்த அம்மையார் அயலவர்க்குத் தபாலட்டைகள் எழுதிக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்தார். வந்தவர் மிகச் சிலரே. வந்த சிலரைக் கொண்டு வீதிச் சங்கம் ஒன்றை நிறுவி, வீதியிலே விருந்து வைத்துப் பணம் சேர்த்து, நான்கு மரங்களை வாங்கி நட்டார். அடுத்த விருந்துகளுள் ஒன்றுக்கு நகர முதல்வரையே அழைத்துவிட்டார். 1966ஆம் ஆண்டில் நகர முதல்வர் யோன் லின்ட்சே வந்தும் சென்றார். வீதிச் சங்கம் நான்கு மரங்களை வாங்கினால் நகரம் ஆறு மரங்களைக் கொடுப்பது என்ற திட்டம் அதன்பின் உருவாயிற்று. சங்கங்கள் நூறளவிற் பெருகின. ஆயிரத்தைந்நூறு மரங்களுக்கு மேல் நடப்பட்டன. மரங்களைப் பேணும் முறையைச் சிறுவர்க்குக் கற்பிக்க ஒரு மரப்படையையும் அம்மையார் அமைத்தார். நட்டவன் போனபின் நீர் ஊற்றுவோர் யார் என்ற வினாவை அவர் மறந்ததில்லை.

அந்நாளில் நகரப் புனரமைப்பு என்ற பெயரில் லபாயெற் வீதி வீடுகள் இடிபடும் நிலை நேர்ந்தது. மக்னோலியாவைக் காத்தல் வேண்டுமென அம்மையார் முன்வந்தார். 1970ஆம் ஆண்டிலே நகர நினைவுச்சின்னப் பாதுகாப்பு ஆணைக்குழு அம்மரத்தை நினைவுச்சின்னமாகப் பிரகடனம் செய்தது. மாநகரம் முழுவதிலும் இப்பேறு பெற்ற தனிமரங்கள் இரண்டேயாம். மற்றையது குயீன்ஸ் பகுதியிலே புளசிங்கில் நின்ற தொங்குகிளைப் பீச் மரம். அது 1998ஆம் ஆண்டிற் பட்டுப்போயிற்று.

ஆனால், மரத்துக்கு அளித்த பாதுகாப்பு மரத்தைக் காக்கப் போதாது. பின்னாலுள்ள வீடுகள் இடிந்தால் வடகாற்று நேரே தாக்கும், மரம் சாகும். மரத்தைக் காக்க மதில் வேண்டும். மதிலினும் மேலாக வீடுகள் வேண்டும். அம்மையார் மதிலுக்குப் பணம் திரட்டினார். வீடுகளைக் கைவிடாது அவற்றை இளைஞர்க்கு இயற்கைக் கல்வி புகட்டும் இடமாக்க முனைந்தார். 1972ஆம் ஆண்டில் மக்னோலியா மர நிலையம் தோன்றியது. 677, 678, 679ஆம் இலக்க வீடுகள் மூன்றும் 1977ஆம் ஆண்டில் நினைவுச்சின்னங்களாயின. ஒரு மரத்தைப் பற்றிய வழக்கு, வங்கிகள் சிவப்பு மையிட்டு ஒதுக்கிய வீடுகளைப் பற்றிய வழக்காக முடிந்தது. இதனை அம்மையார் தொடக்கத்திலேயே கண்டுகொண்டமை அவர்தம் மதிநுட்பத்தைக் காட்டும்.

எதிரேயிருந்த பூங்காவும் அதே காலத்தில் உருமாறியது. 1970களின் தொடக்கத்தில் அங்கே கலை நிலையம் ஒன்றும் திறந்தவெளி அரங்கும் அமைக்கப்பட்டன. நிலையத்தின் மண்டபம், ஸ்டைவசன்ற் வீதியில் வாழ்ந்த இசைவல்லார் யூபி பிளேக்கின் பெயர் பெற்றது. மர நிழலில் உலாவுதற்கென ஒல்ம்ஸ்ரட் வகுத்த இடத்தில் இசையும் கூத்தும் கூட்டங்களும் நிகழலாயின. பழைய திட்டம் சிதைந்ததென்று கலைநோக்குடையோர் வருந்தலாம். அவ்வருத்தம் நியாயமற்றதன்று, எனினும் முற்றத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதை வீட்டிலுள்ளோரே அறிவர்.

கார்தன் அம்மையார் 1984ஆம் ஆண்டிற் காலமானார். மார்சி வீதிச் சந்தியில், லபாயெற் வீதிக்கும் கிளிவ்ற்றன் வீதிக்கும் இடையே அயலவர் பயிர் செய்த தோட்டம் பின்னர் அவர் பெயரைப் பெற்றது. 1985ஆம் ஆண்டில் டொம்கின்ஸ் பூங்கா வொன் கிங் பூங்காவாயிற்று. அப்பகுதியில் அது பெயர்கள் மாறிய காலம். சம்னர் வீதி மார்க்கஸ் கார்வியின் பெயரையும், றீட் வீதி மல்கம் எக்ஸின் பெயரையும் பெற்றன. அவர்கள் உலகறிந்த தலைவர்கள். அவர்தம் பெயர்களை வேறு நகரங்களிலும் காணலாம். வொன் கிங் என்ற பெயரோ அவ்வயலுக்கு அப்பால் எவர்க்கும் எதனையும் உணர்த்தாது. அதனையே மக்கள் பூங்காவுக்கு ஏற்றதெனத் தெரிந்தனர்.

பூங்கா நிலத்துக்குச் சட்டத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. நியூயோர்க்கில் பூங்காவாக ஒதுக்கப்பட்ட நிலத்தை மாநிலச் சட்டசபையின் அனுமதியின்றி வேறு தேவைக்கு மாற்ற இயலாது. அயலவர் தோட்டங்களுக்கு அப்பாதுகாப்பு இல்லை. வீடுகள் இடிந்து வெறுமையான நகர நிலங்களில், 1978ஆம் ஆண்டில் தொடங்கிய பசும்பெருவிரல் என்னும் திட்டத்தின் கீழ், சிறு கட்டணத்துக்கு விடப்பட்டவை அவை. 1999ஆம் ஆண்டிலே நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை ஏலத்தில் விற்க நகர நிருவாகம் முற்பட்டது. குப்பை மேட்டைத் தோட்டமாக்கியவர்கள், தோட்டமானதால் விலை உயர்ந்த நிலத்தை இழக்கும் நிலை. இறுதி வேளையில் பொதுநல அமைப்புகள் இரண்டு பணம் செலுத்தி அவற்றை வாங்கியமையால் விற்பனை தவிர்ந்தது.

விலை உயர்ந்தது நிலத்துக்கு மட்டுமன்று. சிவப்பு நிறம் பெற்ற அதே பழுப்புக்கல் வீடுகளை இப்போது செல்வந்தர் போட்டியிட்டு வாங்குகின்றனர். 2010 முதல் 2020 வரையான பத்தாண்டிலே பெட்போட்–ஸ்டைவசன்றிற் கறுப்பின மக்களின் தொகை இருபதினாயிரத்துக்கு மேலாகக் குறைந்தது. வெள்ளையரின் தொகை அதனினும் மிகுதியாகப் பெருகியது. வீட்டு வரியும் வாடகையும் தாங்காது பெயர்ந்தோருள், வொன் கிங்கிடம் சாரணப் பயிற்சி பெற்றவர்களும், அவர்களின் பிள்ளைகளும் இருத்தல் கூடும். கறுப்பின மக்கள் வந்தபோது ஆளுநரின் பெயர் பூங்காவில் முன்னரே இருந்தது. இன்று வருவோர்க்குச் சாரணத் தலைவரின் பெயர் முன்னரே இருக்கின்றது. புதிதாக வந்த ஒருவர் அப்பெயருக்கு உரியவர் ஓர் இசைக்கலைஞரோ, போரில் மாண்ட வீரரோ என ஐயுறுதல் இயல்பே. விடை கூறத் தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

டொம்கின்ஸும் முற்றாக மறைந்துவிடவில்லை. பூங்காவின் கிழக்கு மூலைகளில் வீதிப் பலகைகள் அவர் பெயரை இன்றும் தாங்குகின்றன. வடபுறத்திலே, இடிபடாது எஞ்சிய மூன்று வீடுகளின் காப்பில் மக்னோலியா நிற்கின்றது. கோடையின் தொடக்கத்திற் பூங்காவின் வடக்கு வாயிலில் நின்றால் அதன் வெண்பூக்கள் தெரியும்.